எட்டு மாசம் டிகிண்டரோட குடித்தனம்: ஒரு ரிவியூ

முதல்லயே சொல்லிடுறேன், நான் ப்ரோக்ராம் எழுதுற தொழில்ல இருக்கிற ஆள் கிடையாது. பைத்தான் கத்துக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது, ஃபார் லூப், ஃபங்ஷன், ஃபைல் ஓப்பன் பண்றது, இந்த அளவு தெரியும், கிளாஸ் எழுதுன்னா இன்னும் கொஞ்சம் கை நடுங்கும். கருப்பு ஸ்க்ரீன்ல பேரைக் கேட்டு வணக்கம் சொல்ற ப்ரோக்ராமா எழுதி எழுதி அலுத்துப் போச்சு. பட்டன் வேணும், விண்டோ வேணும், நான் பக்கத்துல இல்லாதப்பவும் வேற ஒருத்தர் க்ளிக் பண்ணி யூஸ் பண்ற மாதிரி ஒண்ணு செய்யணும்னு ஆசை வந்துச்சு. தேடுனதுல முதல்ல கைல சிக்குனது டிகிண்டர். (டீகே-இன்டர்னு சொல்றவங்களும் உண்டு, அதுதான் சரியாம், எனக்கு வாயில டிகிண்டர்னுதான் வருது, விட்டுடுங்க.) எட்டு மாசம் அதோட மல்லுக்கட்டிட்டு எழுதுறேன். ரேட்டிங் அஞ்சுக்கு மூணரை. அந்த ஒன்றரை எங்க போச்சுன்னு கீழ வருது.

பைத்தான் கூடவே வர்ற ஜியூஐ லைப்ரரி இது (ஜியூஐன்னா விண்டோ, பட்டன்னு கண்ணுக்குத் தெரியுற முகப்பு), அதனால தனியா இன்ஸ்டால் பண்ணவேண்டிய தொல்லை இல்ல. விண்டோஸ்லயும் மேக்லயும் பைத்தானோட சொந்த சைட்ல இருந்து எறக்குன இன்ஸ்டாலர் போட்டிருந்தா உள்ளயே உக்காந்திருக்கும். உபுண்டு லினக்ஸ்ல மட்டும் பைத்தான்3-டிகேன்னு ஒரு பேக்கேஜை தனியா போடணும், இது தெரியாம நான் லைப்ரரி எறக்குற கமாண்டான பிப் இன்ஸ்டால், பிப் இன்ஸ்டால்னு அரை நாள் அடிச்சுட்டு இருந்தேன், பிப்ல அது கிடையவே கிடையாது. இதைவிடக் கேவலம் ஒண்ணு இருக்கு. என் முதல் ஃபைலுக்கு நான் வச்ச பேரே டிகிண்டர் டாட் பிஒய். இம்போர்ட் பண்ணா பைத்தான் லைப்ரரிய விட்டுட்டு என் ஃபைலையே இம்போர்ட் பண்ணுது, அதுல எதுவும் இல்லன்னு எரர் அடிக்குது, நான் கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுன்னு பைத்தானையே ரெண்டு தடவ அழிச்சு அழிச்சுப் போட்டேன். சிரிக்காதீங்க, இந்த வேலைய பண்ணாத ஆள் கம்மி.

இன்னொரு குழி பழைய டுடோரியல். அதுல டிகிண்டரோட முதல் எழுத்து டி பெரிய எழுத்துல இருந்தா அது பைத்தான் 2 காலத்து சரக்கு, 2008ல பைத்தான் 3 வந்தப்போ சின்ன எழுத்தா மாத்திட்டாங்க. பெரிய டியப் பாத்தா அந்தப் பக்கத்த மூடிட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க.

சரி, உள்ள போவோம். ஒரு விண்டோ, அதுல ஒரு லேபிள், ஒரு பட்டன், எல்லாம் சேர்த்து ஆறேழு வரிதான். முதல் தடவ அந்த சாம்பல் கலர் பொட்டி ஸ்க்ரீன்ல வந்து நின்னப்போ வந்த சந்தோஷம் இருக்கே, ஒரு நாள் பூரா பட்டனை அமுக்கிட்டே இருந்தேன். ஆனா கடைசி வரில ரூட் டாட் மெயின்லூப்னு ஒண்ணு வருது பாருங்க, அது எதுக்குன்னு எனக்கு ரெண்டு வாரம் புரியல. எல்லா டுடோரியலும் இதைக் கடைசில போடுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுது. அதுக்கு அடில ஒரு ப்ரிண்ட் எழுதினா அது வரவே மாட்டேங்குது, விண்டோவ மூடினதும் வருது. என்னடா இதுன்னு இருந்துச்சு.

அதுவரைக்கும் நான் எழுதின ப்ரோக்ராம் எல்லாம் மேல இருந்து கீழ நடக்கும், நான்தான் டிரைவர், இன்புட் வேணும்னா நான் கேப்பேன், யூசர் பதில் சொல்லணும். விண்டோ வந்ததும் இது அப்படியே தலைகீழ். மெயின்லூப் ஒரு காவக்காரன் மாதிரி உக்காந்துட்டு, மவுஸ் நகர்ந்துச்சா, கீ அமுக்குனாங்களா, விண்டோவ இழுத்துப் பெருசாக்கினாங்களான்னு பாத்துட்டே இருக்கும், ஏதாவது நடந்தா அதுக்குன்னு நாம குடுத்து வச்சிருக்கிற ஃபங்ஷனைக் கூப்பிடும், அது முடிஞ்சதும் திரும்ப வந்து உக்காந்துக்கும். நம்ம வேலை, எது நடந்தா எதைக் கூப்பிடணும்னு முன்கூட்டியே எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கிக்கிறது. இந்த ஒரு விஷயம் மண்டைல ஏறினதும் மீதி எல்லாம் தானா வந்துச்சு. க்யூடின்னு இருக்கிற இன்னொரு ஜியூஐ லைப்ரரிக்குப் போனாலும் இதே கதைதான், ப்ரௌசர்ல ஜாவாஸ்க்ரிப்ட் எழுதினாலும் இதேதான். டிகிண்டருக்கு நான் மார்க் குடுக்கிறதே இதுக்காகத்தான், இதைச் சுத்தி வேற அலங்காரம் எதுவும் இல்லாததால காவக்காரன் கண்ணுக்குத் தெளிவா தெரியுறான்.

இதைப் புரிஞ்சுக்காம நான் வாங்கின அடிகள்ல முதல் அடி அடைப்புக்குறி. பட்டன்ல கமாண்ட் ஈக்வல் டு-ன்னு போட்டு ஃபங்ஷன் பேரை எழுதி, பழக்க தோஷத்துல பின்னாடி அடைப்புக்குறியும் போட்டுட்டேன். விண்டோ தொறக்கும்போதே ஃபங்ஷன் ஓடிடுச்சு, அப்புறம் பட்டனை எத்தனை தடவ அமுக்கினாலும் கல்லு மாதிரி இருக்கு. அடைப்புக்குறி போட்டா இப்பவே செய்னு அர்த்தம், போடலன்னா இதுதான் ஆள், வேணும்போது கூப்பிட்டுக்கோன்னு அர்த்தம். ரெண்டாவது அடி, யூசர் டைப் பண்ற என்ட்ரி பொட்டிய உருவாக்குற வரியிலயே, அதை விண்டோல வைக்கிற டாட் பேக்கையும் சேர்த்து எழுதி, அதை ஒரு வேரியபிள்ல வாங்கினது. பேக் எதையும் திருப்பித் தராது, வேரியபிள்ல நன்-னு (ஒண்ணுமில்லன்னு அர்த்தம்) வந்து உக்காந்துக்கும், அப்புறம் டைப் பண்ணதை எடுக்க கெட் போட்டா நன்-டைப்புக்கு கெட் எல்லாம் கிடையாதுன்னு திட்டும். ரெண்டு வரியா பிரிச்சு எழுதினா முடிஞ்சுது. மூணாவது, பொட்டிக்குள்ள 2 ன்னும் 3 ன்னும் போட்டுக் கூட்டினா 23 வருது, என்ட்ரில இருந்து வர்றது எப்பவும் ஸ்ட்ரிங்தான், அதாவது எண் இல்ல, வெறும் எழுத்து, இதுக்கு டிகிண்டரைக் குத்தம் சொல்ல முடியாது.

நாலாவது கொஞ்சம் நுணுக்கம். ஒரு லூப்ல பத்து பட்டன் உருவாக்கி ஒவ்வொண்ணுக்கும் லாம்டால (பேரில்லாத குட்டி ஃபங்ஷன்) நம்பர் குடுத்தேன், எதை அமுக்கினாலும் கடைசி நம்பர்தான் வருது. பட்டனை உருவாக்குறப்போ இருந்த நம்பரை லாம்டா பிடிச்சு வச்சுக்கல, அமுக்குறப்போ வேரியபிள்ல என்ன இருக்கோ அதைப் பாக்குது, அதுக்குள்ள லூப் முடிஞ்சு கடைசி நம்பர்ல நிக்குது. வேரியபிள் பேர் n-னா, லாம்டாவுக்குப் பக்கத்துல n=n-னு போட்டா அந்த நேரத்து மதிப்பப் பிடிச்சு வச்சுக்கும். ஒரு சனிக்கிழம பூரா போச்சு இதுக்கு.

லேயவுட் பத்தி. பேக், கிரிட், ப்ளேஸ்னு மூணு வழி இருக்கு. பேக் பொட்டிய அடுக்குறது, கிரிட் கட்டம் போட்டு வைக்கிறது, ப்ளேஸ் இத்தனாவது பிக்ஸல்ல நில்லுன்னு சொல்றது. புதுசா வர்றவங்க எல்லாரும் ப்ளேஸ்லதான் ஆரம்பிப்பாங்க, நானும் அப்படித்தான், என் லேப்டாப்ல அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு, வேற ஸ்க்ரீன்ல தொறந்தா எழுத்து பெருசாகி பட்டன் மேல பட்டன் ஏறி நிக்குது. கிரிட் கத்துக்கோங்க, அது போதும். ஒரே ஃப்ரேமுக்குள்ள பேக்கையும் கிரிட்டையும் கலந்துடாதீங்க, இப்போ எரர் காட்டி நிறுத்திடுது, பழைய வெர்ஷன்ல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு விண்டோவே அப்படியே உறைஞ்சுடுமாம். அப்புறம் விண்டோவ இழுத்துப் பெருசாக்கினா எல்லாம் இடது மூலைல ஒதுங்கி நிக்குதேன்னு பாப்பீங்க, காலமுக்கு வெயிட் 1 குடுக்கணும், விட்ஜெட்டுக்கு (பட்டன், லேபிள் மாதிரி ஒவ்வொண்ணும் ஒரு விட்ஜெட்) ஸ்டிக்கில நாலு திசையும் குடுக்கணும், ரெண்டுல ஒண்ணு இருந்தா பத்தாது. இந்த வெயிட் சமாச்சாரத்த எந்த டுடோரியலும் முதல் பாடத்துல சொல்ல மாட்டேங்குது, ஏன்னு தெரியல.

இப்போ முக்கியமான கதைக்கு வர்றேன். அக்காவுக்கு ஒரு டூல் எழுதிக் குடுத்தேன். ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பேர் டைப் பண்ணி, பட்டனை அமுக்கினா உள்ள இருக்கிற போட்டோ எல்லாத்துக்கும் முன்னாடி அந்தப் பேரை ஒட்டி, சைஸைப் பாதியாக்கி அதே இடத்துல சேமிக்கும். படங்கள மாத்துற பில்லோ லைப்ரரிய வச்சு எழுதினது. பத்து போட்டோவ வச்சு டெஸ்ட் பண்ணேன், கண்ணிமைக்கிற நேரத்துல முடிஞ்சுது. காலர தூக்கி விட்டுக்கிட்டு அனுப்பி வச்சேன்.

அக்காவோட ஃபோல்டர்ல அறுநூறு போட்டோ. பட்டனை அமுக்கியிருக்கா, பட்டன் அமுங்கினபடியே நிக்குது, வேலை நடக்குதுன்னு நான் லேபிள்ல எழுதச் சொன்ன வரி வரவே இல்ல. சரியா விழலன்னு இன்னொரு க்ளிக், அப்புறம் கோவமா இன்னொரு க்ளிக். அஞ்சு செகண்டு விண்டோ பதில் சொல்லலன்னா விண்டோஸ் அதை நாட் ரெஸ்பாண்டிங்னு முத்திரை குத்தி வெளுப்பாக்கிடும், அதுவும் நடந்துச்சு. எனக்கு ஃபோன்.

"டேய், நீ குடுத்தது செத்துப் போச்சுடா."

"மூடிடாதக்கா, ஓடிட்டுதான் இருக்கும், கொஞ்சம் பொறு."

பொறுத்தா. அதுதான் தப்பாப் போச்சு. என் ஃபங்ஷன் ஓடுறப்போ காவக்காரன் அவன் இடத்துல இல்ல, அவனே தான் என் வேலைய செஞ்சுட்டு இருக்கான், அதனால லேபிளைக்கூட அவனால திரும்ப வரைய முடியல. ஆனா அக்கா பண்ண ரெண்டாவது, மூணாவது க்ளிக் எங்கயும் தொலைஞ்சு போகல, வரிசைல காத்துட்டு இருந்துச்சு. முதல் ரவுண்டு முடிஞ்சதும் ரெண்டாவது க்ளிக்குக்கு ஒரு ரவுண்டு, அப்புறம் மூணாவதுக்கு ஒரு ரவுண்டு. எல்லாம் முடிஞ்சு பாத்தா ஒவ்வொரு ஃபைல் பேருக்கு முன்னாடியும் டூர்_டூர்_டூர்_, 4000 பிக்ஸல் அகலத்துல இருந்த படம் 2000 ஆகி, 1000 ஆகி, 500ல வந்து நிக்குது. ஃபோன்ல ஒரிஜினல் இருந்துச்சு, அதனால நான் இன்னைக்கு உயிரோட ரிவியூ எழுதிட்டு இருக்கேன்.

சரி பண்றதுக்கு முதல்ல ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சேன், லூப்புக்குள்ள ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவ ரூட் டாட் அப்டேட், அதாவது வரிசைல காத்துட்டு இருக்கிறதெல்லாம் இப்பவே செய்னு சொல்றது. லேபிள் வருது, விண்டோ உயிரோட இருக்கு, ஆகான்னு இருந்தேன். ஆனா இப்போ நடுவுல க்ளிக் பண்ணா ஒரு ரவுண்டுக்குள்ளயே இன்னொரு ரவுண்டு ஆரம்பிச்சுடுது, முன்ன இருந்ததவிட மோசம். கடைசில வேலைக்கு ஆனது, இத்தனை நேரம் கழிச்சு இந்த ஃபங்ஷனைக் கூப்பிடுன்னு சொல்ற ஆஃப்டர். ஒரே ஒரு படத்த முடி, ப்ரோக்ரஸ் பாரை ஒரு அடி நகர்த்து, ஒரு மில்லி செகண்டு கழிச்சு அடுத்த படத்துக்கு என்னைக் கூப்பிடுன்னு சொல்லிட்டு வெளிய வந்துடு. ஒவ்வொரு படத்துக்கு நடுவுலயும் காவக்காரன் தன் இடத்துக்குத் திரும்பி வந்து சுத்திமுத்திப் பாத்துக்கிறான். கூடவே ஃபங்ஷனோட முதல் வரில பட்டனை டிஸேபிள் பண்ணிடணும். ஒரு துண்டா நீளமா ஓடுற வேலைன்னா, இப்போ ஒரு பெரிய ஃபைலை டவுன்லோட் பண்றதுன்னா, இந்த வித்தை ஆகாது, த்ரெட் (பக்கத்துலயே தனியா ஓடுற இன்னொரு இழை) போட்டுத்தான் ஆகணும், ஆனா அந்த த்ரெட்டுக்குள்ள இருந்து லேபிளைத் தொடக்கூடாது, ஒரு க்யூல போட்டு வச்சு ஆஃப்டர் மூலமா எடுத்துக்கணும். டைம் டாட் ஸ்லீப் பத்தி நான் சொல்லவே வேண்டாம், அதுவும் காவக்காரனைத் தூங்க வைக்கிற வேலைதான்.

அழகு விஷயத்துக்கு வருவோம், மார்க் குறைஞ்சது இங்கதான். இதுக்கு அடில இருக்கிற டிகே 1991ல வெளிவந்தது, பெர்க்லி யுனிவர்சிட்டில ஜான் ஔஸ்டர்ஹௌட் தன்னோட டிக்கிள் மொழிக்காக உருவாக்கினது, அந்த டிக்கிள்-டிகேக்கு 1997ல கம்ப்யூட்டர் துறை சங்கமான ஏசிஎம்மோட விருதுகூட கிடைச்சிருக்கு. அதெல்லாம் மரியாதைக்குரிய விஷயம்தான், ஆனா சும்மா ஒரு பட்டன் போட்டா அந்தக் காலத்து முகம் அப்படியே எட்டிப் பாக்குது. டிடிகேன்னு உள்ளயே ஒரு பகுதி இருக்கு, அதோட பட்டனைப் போட்டா அந்தந்த சிஸ்டத்து பட்டன் மாதிரி தெரியும், முதல் நாள்லருந்தே அதையே யூஸ் பண்ணுங்க. ஆனா அதுக்கு கலர் மாத்தணும்னா பட்டன்ல நேரா சொல்ல முடியாது, ஸ்டைல்னு ஒண்ணு தனியா எழுதணும், சில தீம்ல அப்பவும் கேக்காது. மேக்ல சாதா பட்டனுக்கே பின்னணி கலர் மாறாது. விண்டோஸ்ல ஸ்கேலிங் 150 வச்ச ஸ்க்ரீன்ல எழுத்தெல்லாம் தொடைக்காத கண்ணாடி வழியா பாக்குற மாதிரி மங்கலா வரும், பைத்தானோட சிடைப்ஸ் மாட்யூல் வச்சு, டிபிஐ அவேர்னஸ்னு ஸ்கேலிங்கை நாமளே பாத்துக்கிறோம்னு விண்டோஸுக்குச் சொல்ற ஒரு வரி போட்டா பளிச்சுன்னு ஆயிடும். கஸ்டம்டிகிண்டர்னு ஒரு ஆட்-ஆன் இருக்கு, உருண்ட மூலை, டார்க் மோட் எல்லாம் வருது, மேக்கப் போட்டா ஆளே மாறிடுது.

உள்ள நிஜமாவே ஒரு டிக்கிள் இன்டர்ப்ரெட்டர் ஓடுதுங்கிறது எரர் வர்றப்போதான் தெரியும். பட்டனை ப்ரிண்ட் பண்ணா புள்ளி, ஆச்சரியக்குறி, பட்டன்னு ஏதோ மந்திரம் மாதிரி வரும், அது டிக்கிள் பக்கத்துல அந்தப் பட்டனோட பேர். இன்வேலிட் கமாண்ட் நேம்னு எரர் வந்தா, ஏற்கனவே மூடிட்ட ஒண்ண நீங்க தொட்டுட்டீங்கன்னு அர்த்தம் வச்சுக்கலாம். படம் காட்டுறதுலயும் ஒரு விஷமம் இருக்கு, ஃபங்ஷனுக்குள்ள ஃபோட்டோஇமேஜ் உருவாக்கி லேபிள்ல குடுத்தா, எரர் எதுவும் இல்லாம வெறும் காலி இடம் வரும், ஏன்னா ஃபங்ஷன் முடிஞ்சதும் பைத்தான் அந்தப் படத்தைக் குப்பைன்னு நெனச்சுத் தூக்கிடுது. லேபிள்லயே ஒரு பேர்ல அதைப் பிடிச்சு வச்சுக்கணும்.

நம்மாளுங்களுக்குன்னு ஒரு எச்சரிக்கை, தமிழ் எழுத்து. விண்டோஸ்ல எனக்கு ஒழுங்கா வந்துச்சு, அதே ப்ரோக்ராமை லினக்ஸ்ல ஓட்டினா கொம்பு எழுத்துக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போய் நிக்குது. லினக்ஸ்ல தமிழ்ல ஆப் எழுதப் போறவங்க முதல் நாளே ஒரு லேபிள் போட்டுச் சோதிச்சுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

குறையே சொல்லிட்டு இருக்கேன், நல்லதும் இருக்கு. எழுத்துக்கான டெக்ஸ்ட், படம் வரையுற கேன்வாஸ் ரெண்டும் உண்மைலயே சரக்குள்ள விட்ஜெட். பைத்தானோட வர்ற ஐடில் எடிட்டர் முழுக்க டிகிண்டர்ல எழுதினது, ஆமை படம் வரையுற டர்டில் மாட்யூலும் இந்தக் கேன்வாஸ் மேலதான் ஓடுது. நோட்பேட் மாதிரி ஒண்ண ஒரு சாயங்காலத்துல எழுதிட்டேன் (டெக்ஸ்ட்ல முதல் இடம் 1.0, வரி ஒண்ணுல ஆரம்பிக்குது, எழுத்து பூஜ்யத்துல ஆரம்பிக்குது, ஏன் இப்படின்னு கேக்காதீங்க).

பைத்தான் இல்லாத கம்ப்யூட்டர்லயும் க்ளிக் பண்ணா ஓடுற எக்ஸ்ஈயா மாத்திக் குடுக்க பைஇன்ஸ்டாலர் போதும். ஒரே ஃபைலா பண்ணா ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் உள்ள இருக்கிறதெல்லாம் டெம்ப் ஃபோல்டர்ல பிரிச்சுக் கொட்டிட்டுத்தான் ஆரம்பிக்கும், அதனால தொறக்க நேரமாகும், சில ஆன்டிவைரஸ் சும்மாவே சந்தேகப்படும். ஃபோல்டரா பண்ணிக் குடுங்க.

மத்ததெல்லாம் எப்படின்னு கேப்பீங்க. க்யூடிய பைத்தான்ல யூஸ் பண்ண விடுற பைசைட்6 வழியா ரெண்டு மாசமா தொட்டுப் பாத்துட்டு இருக்கேன். 1995ல இருந்து இருக்கிற பழம் தின்னு கொட்டை போட்ட சாமான், விஎல்சி ப்ளேயரோட முகமே அதுதான். டிசைனர்ல பட்டனை இழுத்து வச்சு வரைஞ்சுக்கலாம், டேபிள் காட்டுறதெல்லாம் டிகிண்டர்ல தலைகீழா நின்னாலும் அவ்வளவு சுத்தமா வராது. ஆனா இன்ஸ்டாலே நூறு எம்பியைத் தாண்டும், முதல் பாடத்துலயே கிளாஸ், இன்ஹெரிட்டன்ஸ், சிக்னல், ஸ்லாட்னு இறக்கிடுறாங்க, கிளாஸ்னா கை நடுங்குற ஆளுக்கு அது தண்ணி தெரியாதவனை நடு ஆத்துல எறக்கி விட்ட மாதிரி. பைக்யூடின்னு இன்னொண்ணும் இருக்கு, கிட்டத்தட்ட அதேதான், லைசன்ஸ் மட்டும் வேற, அது ஜிபிஎல், பைசைட் எல்ஜிபிஎல், எழுதுனதை சோர்ஸ் குடுக்காம விக்கிற எண்ணம் இருந்தா பைசைட் பக்கம் போங்க. வெப் பக்கம் மாதிரி எழுதி ஆப் ஆக்குற எலக்ட்ரான் நான் தொடல, ஒரு போட்டோ பேர் மாத்துற டூலுக்கு முழு குரோமியம் ப்ரௌசரையும் கூட்டிட்டு வர்றது எலிய அடிக்க யானைய கூட்டிட்டு வர்ற மாதிரி.

அதனால, ஃபங்ஷன் வரைக்கும் தெரிஞ்சு, தனக்கோ வீட்டுக்கோ சின்னதா ஒரு டூல் வேணும்ங்கிறவங்க கண்ண மூடிட்டு டிகிண்டர்ல இறங்கலாம். வெளிய விக்கிற மாதிரி ஆப், அனிமேஷன், பெரிய பெரிய டேபிள், இதெல்லாம் மனசுல இருந்தா இதுல ரெண்டு மாசத்துக்கு மேல இருக்காதீங்க, க்யூடிக்கு நகர்ந்துடுங்க.

அக்கா டூலை இப்போ பைசைட்ல திரும்ப எழுதிட்டு இருக்கேன், பாதி முடிஞ்சிருக்கு, பாக்க லட்சணமா இருக்கு. காட்டினேன். "பழசே போதும்டா, நடுவுல நிறுத்துறதுக்கு ஒரு பட்டன் மட்டும் வச்சுக் குடு" ன்னுட்டா. ஆஃப்டர் கேன்சல்னு ஒண்ணு இருக்கு, நேத்து நைட் நாலு வரில வச்சுக் குடுத்துட்டேன்.